காதல் கோட்டையில் திராட்சைச் சாறு

கணவனும் மனைவியும் கைகோத்து நடப்பதற்கென்றே இத்தாலியில் ஒரு பாதை இருக்கிறது. லிகூரியக் கடற்கரையில் சிங்க்வே தெர்ரே என்று ஐந்து ஊர்கள். அவற்றில் ரியோமஜோரேவையும் மனரோலாவையும் இணைக்கும் அந்தப் பாதையின் பெயர் வியா தெல்லாமோரே, காதல் பாதை. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் கடல். ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. 1920களில் அங்கே ரயிலுக்குச் சுரங்கம் குடைந்தவர்கள், வெடிமருந்தை ஊருக்குள் வைத்தால் ஆபத்து என்று தள்ளிக் கிடங்கு கட்டி, அதற்குப் போய்வர வெட்டிய வழி அது. காதலர்கள் வந்து சேர்ந்தது பிறகுதான். 2012இல் பாறை சரிந்து நாலு பேருக்குக் காயம். காதல் பாதையை இழுத்து மூடிவிட்டார்கள். மறுபடி முழுதாகத் திறக்க 2024 ஆகிவிட்டது. இப்போது முன்பதிவு, டிக்கெட், குறித்த நேரம். ஒரே திசையில்தான் நடக்கலாம்.

வெடிமருந்துக்குப் போட்ட வழி, பன்னிரண்டு வருஷம் மூடிக் கிடந்தது, திறந்த பிறகும் திரும்பி வர அனுமதியில்லை. இல்லறத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாதை உலகத்தில் கிடையாது என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து எக்செல் ஷீட்டில் அந்த வரிசையைப் பச்சையாக்கினாள்.

இருபதாவது கல்யாண நாள் வருகிறது. கலிஃபோர்னியாவில் எங்கள் ஃப்ரீமாண்ட் பக்கத்தில் பத்தாவது ஆண்டுக்கு ஹவாய், இருபதாவதுக்கு இத்தாலி என்பது எழுதப்படாத சம்பிரதாயம். அந்த ஊர்களில் எடுக்கும் படங்களுக்கும் சம்பிரதாயம் உண்டு. ஊசி மாதிரி நிற்கும் சைப்ரஸ் மரங்கள், சூரியகாந்தி வயல், கசங்கிய லினன் சட்டையில் கணவன், தொப்பியில் மனைவி, இருவரும் காமிராவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் தலைமுறைக்கு இந்தக் கனவைக் கற்றுக்கொடுத்தது 1998இல் வந்த 'ஜீன்ஸ்' படம். ஒரே பாட்டில் ஏழு அதிசயத்துக்கும் கூட்டிப்போனார்கள். பைசா கோபுரமும் ரோமாபுரிக் கொலோசியமும் அதில் உண்டு. அதைத் தியேட்டரில் பார்த்தபோது நாயகன் பிரசாந்துக்கு விசா யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்ற கேள்வி எனக்கு வரவில்லை. இப்போது வருகிறது.

மனைவியின் எக்செல் ஷீட்டைக் குறை சொல்ல முடியாது. அவள் வேலை பார்க்கும் இடத்தில் புராஜெக்ட் மேனேஜர். ஊர், ஏன் ரொமான்டிக், எத்தனை இரவு, சைவம் கிடைக்குமா, ரிஸ்க் என்று பத்திகள். ரிஸ்க் பத்தியை நிரப்பும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருந்தாள். அது என் பெயரே இருக்கும் பத்தியோ என்று முதலில் பயந்தேன்.

முதல் வரிசை வெரோனா. ஜூலியட் நின்ற பால்கனி அங்கே இருக்கிறது. வீடு பழசுதான், ஆனால் அந்தப் பால்கனியை 1930களின் கடைசியில் ஊர் அருங்காட்சியகத்தின் தலைவர் அந்தோனியோ அவேனா கொண்டுவந்து பொருத்தினார். ஜூலியட்டே ஒரு கதாபாத்திரம். இல்லாத பெண் நிற்பதற்கு இல்லாத பால்கனியை ஒட்டவைத்து, அதன் கீழே உலகத்து ஜோடிகளை நிற்கவைத்திருக்கிறார்கள். முற்றத்தில் ஜூலியட்டின் வெண்கலச் சிலை. அதன் வலது மார்பைத் தொட்டால் காதல் கைகூடும் என்று யாரோ கிளப்பிவிட, தொட்டுத் தொட்டே சிலை சேதமாகி 2014இல் நகல் வைத்தார்கள். ரிஸ்க் பத்தியில் 'சிலை' என்று எழுதினேன். "அங்க நான் தனியாப் போய்க்கறேன். நீங்க வெளியில ஜெலாட்டோ சாப்பிடுங்க" என்று அவள் தீர்ப்பெழுதினாள்.

அடுத்தது பியன்சா. டஸ்கனியில் வால் டோர்ச்சா என்ற பள்ளத்தாக்கின் மேல் இருக்கிற சிற்றூர். அங்கே பிறந்த ஒருவர் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப்பாண்டவராகி, 1459இல் தொடங்கிச் சில வருஷங்களில் பிறந்த கிராமத்தையே இடித்துக் கட்டி, அதற்குத் தன் பெயரையும் வைத்துவிட்டார். நம்மூரில் அமைச்சரானவர்கள் செய்வதுதான். கொஞ்சம் கலையுணர்வோடு செய்திருக்கிறார். அந்த ஊரில் காதல் தெரு, முத்தத் தெரு என்று நிஜமாகவே சந்துகள் இருக்கின்றன. எங்கள் மதுரையில் முத்தத் தெரு என்று ஒன்று இருந்து, அங்கே வீடு வாடகைக்கு எடுத்துவிட்டு, ரேஷன் கார்டுக்கு முகவரி சொல்லப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "ரிஸ்க் என்ன?" என்று கேட்டாள். "சந்து ரொம்பக் குறுகல்" என்றேன்.

சிவிதா தி பாஞ்ஞோரேஜோ என்று இன்னொன்று. மண்சரிவில் நாலு பக்கமும் உதிர்ந்துகொண்டே வரும் குன்றின் உச்சியில் இருக்கிறது. 'செத்துக்கொண்டிருக்கும் ஊர்' என்றே அதற்குப் பட்டப்பெயர். நிரந்தரவாசிகள் பத்துப் பதினைந்து பேர்தான். கார் போகாது. நீண்ட நடைபாலத்தில் ஏறிப் போகவேண்டும், அதற்கும் ஐந்து யூரோ. "எவ்வளவு அமைதி பாருங்க!" என்றாள். அந்தப் பாலத்தில் எங்கள் வீட்டு சாம்சோனைட் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகும் ஆளை நான் மனக்கண்ணில் பார்த்தேன். அவன் லினன் சட்டை போட்டிருந்தான். ஆனால் அழகாகக் கசங்கியிருக்கவில்லை.

எல்லாவற்றையும் விட்டுத்தள்ளி நான் விரும்பிச் சேர்த்த ஊர் ஒன்றுண்டு. காஸ்திக்லியோனே தெல்லே ஸ்திவியேரே. மந்துவாவுக்கும் கார்டா ஏரிக்கும் நடுவில் இருக்கிறது, வெரோனாவிலிருந்து எட்டும் தூரம்தான். 1680இல் அங்கே பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி, கப்பலேறி நம்மூருக்கு வந்து, வீரமாமுனிவர் ஆகி, தேம்பாவணி பாடி, சதுரகராதி தொகுத்து, போதாததற்குப் பரமார்த்த குருவையும் ஐந்து சீடர்களையும் நமக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தமிழ் படித்தவன் இத்தாலிக்குப் போய் அந்த ஊரைப் பார்க்காமல் வருவதா? அதோடு மாண்டேபுல்சியானோவையும் சேர்த்தேன். பியன்சாவிலிருந்து கூப்பிடு தூரம். 1606இல் மதுரைக்கு வந்து, காவி கட்டி, சைவச் சாப்பாட்டுக்கு மாறிய ராபர்ட் தெ நொபிலியின் குடும்பம் அந்த ஊரைச் சேர்ந்தது. என் மனைவி ஷீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் யாரு?"

"தமிழுக்குத் தொண்டு செஞ்சவங்க."

"கல்யாணம் ஆனவங்களா?"

"பாதிரியாருங்கம்மா அவங்க. எப்படி ஆகும்?"

"நம்ம கல்யாண நாளுக்கு ரெண்டு பிரம்மச்சாரி ஊருக்குக் கூட்டிட்டுப் போறீங்க."

இந்த நேரத்தில் சோபாவில் இருந்து குரல் வந்தது. என் மாமியார் ஆறு மாத விசாவில் வந்திருந்தார். "ஏலாக்குறிச்சி மாதா கோயில் கட்டுன சாமியார்தானே? பக்கத்துலதான் எங்க பெரியம்மா ஊரு. அவர் ஊருன்னா நானும் வரேன் மாப்பிள்ளை." தேனிலவின் மறுபதிப்புக்கு மூன்றாவது ஆள் சேர்ந்துகொண்டதைப் பார்த்து மனைவி அந்த வரிசையைச் சிவப்பாக்கினாள்.

அத்தைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, இத்தாலியில் சைவம் பிரச்சினையே இல்லை, பாஸ்தா, பீட்சா, பார்மஜானோ சீஸ் என்று நான் அடுக்கினேன். என் மகன் இருக்கிறானே, அவனுக்கு எல்லாம் தெரியும். "பாட்டி, பார்மஜானோவுல கன்னுக்குட்டி வயித்துலேருந்து எடுக்கிற ரெனெட் போடுவாங்க. அதுல போடணும்னு ரூலே இருக்கு" என்றான். உண்மைதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை பீட்சாவின் மேல் வெங்காயம் மட்டும்தான் இருக்கிறது.

இவ்வளவு நடந்தும் நான் கவலைப்படவில்லை. ஏனென்றால் ரிஸ்க் பத்தியில் நான் எழுதாமல் ஒளித்துவைத்திருந்த ஒன்று இருந்தது. எங்களுடைய எச்1பி வேலை விசாவின் ஸ்டாம்பிங் காலாவதியாகி வருஷக்கணக்காகிறது.

இதை ஊரில் இருப்பவர்களுக்கு விளக்குவது கஷ்டம். உள்ளே இருப்பதற்கு ஒரு காகிதம், உள்ளே வருவதற்கு வேறொரு காகிதம். இருப்பதற்கான காகிதம் எங்களிடம் செல்லுபடியாகிறது. கம்பெனி நீட்டிக்கொண்டே போகிறது. சம்பளம் வருகிறது, வரி போகிறது. வருவதற்கான காகிதம் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா, அதுதான் ஸ்டாம்பிங். வெளியே போனால் அதைப் புதுப்பித்துக்கொண்டுதான் திரும்ப முடியும். கனடா, மெக்சிகோ மட்டும் விதிவிலக்கு. முப்பது நாளுக்குள் திரும்பினால் பழைய ஸ்டாம்பிங்கோடு உள்ளே விட்டுவிடுவார்கள். இத்தாலிக்குப் போனால்? முன்பெல்லாம் ஐரோப்பாவிலேயே ஏதாவது அமெரிக்கத் தூதரகத்தில் முயற்சி செய்யலாம் என்பார்கள். 2025 செப்டம்பரில், சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் நேர்முகம் என்று சொல்லிவிட்டார்கள். சரி, ரோமிலிருந்து சென்னைக்குப் போய் முடித்துக்கொண்டு வரலாமென்றால், அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவில் நேர்முகத் தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. ஒரு வார லீவில் ஊருக்குப் போனவர்கள் அங்கேயே உட்கார்ந்து கலிஃபோர்னியா மீட்டிங்குக்கு ராத்திரி விழித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் கல்லூரி நண்பர்களில் பாதிப் பேருக்கு இந்தத் தலைவலி இல்லை. அவர்கள் முன்னாலேயே வரிசையில் நின்று குடிமக்கள் ஆகிவிட்டார்கள். அவர்கள் பாஸ்போர்ட்டும் நீலம், எங்கள் பாஸ்போர்ட்டும் நீலம். அவர்கள் நீலத்துக்கு டஸ்கனி திறக்கிறது. எங்கள் நீலத்துக்கு முதலில் ஷெங்கன் விசா வேண்டும். தலைக்குத் தொண்ணூறு யூரோ, முப்பதாயிரம் யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, மூன்று மாத வங்கிக் கணக்கு, ஹோட்டல் ரசீது, கம்பெனி கடிதம், நாங்கள் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போவோம் என்பதற்கு அத்தாட்சி. கடைசி அத்தாட்சியைத்தான் அமெரிக்காவிடமே நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கிரீன் கார்டுக்கு எங்கள் ப்ரியாரிட்டி டேட், அதாவது வரிசையில் இடம் பிடித்த தேதி, 2015. வேலைவழி கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது. ஐஸ்லாந்துக்கும் ஏழு, இந்தியாவுக்கும் ஏழு, இத்தாலிக்கும் ஏழு. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த இத்தாலிக்காரர் ஒருவர் கிரீன் கார்டு வாங்கி, வீடு வாங்கி, நாய் வாங்கி, நாயோடு டஸ்கனிக்கும் போய்வந்துவிட்டார். இதில் ஒரு நெளிவு சுளிவு உண்டு. கணவன் மனைவியில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால், அந்த நாட்டு வரிசையில் இருவரும் சேர்ந்து நிற்கலாம். சட்டப்படியே. ஒருநாள் ராத்திரி இத்தாலிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மனசு இளகி, "நீ மட்டும் பியன்சாவுல பிறந்திருந்தா…" என்று தொடங்கினேன்.

அவள் முகம் மலர்ந்தது. தலையைச் சாய்த்துக்கொண்டு, "பிறந்திருந்தா?" என்றாள்.

"நமக்கு என்னைக்கோ கிரீன் கார்டு வந்திருக்கும்."

அன்றிரவு அவள் பேசவில்லை. மறுநாள் காலை எக்செல் ஷீட்டில் எல்லா ஊரும் போய், ஒரே ஒரு வரி இருந்தது. கலிஸ்டோகா, காஸ்தெல்லோ தி அமொரோசா. விசா: தேவையில்லை.

நாபா பள்ளத்தாக்கின் வடக்குக் கோடியில், எங்கள் வீட்டிலிருந்து தொண்ணூறு மைல் தூரத்தில் ஒரு டஸ்கனிக் கோட்டை இருக்கிறது. கட்டியவர் தாரியோ சட்டூயி. அவருடைய கொள்ளுத் தாத்தா விட்டோரியோ இத்தாலியிலிருந்து வந்து 1885இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வைன் தொழில் தொடங்கியவர். மதுவிலக்கு வந்து அதை மூடிவிட, பேரன் மகன் 1970களில் நாபாவில் மறுபடி தொடங்கினார். காசு சேர்ந்ததும் மனுஷருக்கு ஐரோப்பாவில் பார்த்த கோட்டைகளின் ஞாபகம் வந்துவிட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாணியில் 107 அறைகள், 1,21,000 சதுர அடி, தரைக்கு மேலே நாலு நிலை, கீழே நாலு நிலை, அகழி, தூக்குப்பாலம், காவல் கோபுரம், சிறு தேவாலயம். பழைய முறையில் கையால் செதுக்கிய கல், ஐரோப்பாவில் இடித்த கட்டடங்களிலிருந்து கப்பலில் வந்த செங்கல். சின்னதாக ஆரம்பித்து, பதினான்கு பதினைந்து வருஷம் இழுத்து, 2007இல் திறந்தார். சொந்த வீடு கட்டிய எந்த மனுஷனுக்கும் இந்தக் கதை புதிதல்ல. மேஸ்திரி சொன்ன பட்ஜெட்டும் முடித்த பட்ஜெட்டும் கலிஃபோர்னியாவிலும் உறவில்லாதவைதான். 2020 செப்டம்பரில் கிளாஸ் ஃபயர் என்ற காட்டுத்தீ வந்து வளாகத்தில் ஒரு கட்டடத்தையும் அதிலிருந்த வைனையும் எரித்துவிட்டுப் போனது. கோட்டை தப்பியது. எதிரி வருவான் என்று அகழி வெட்டினால் எதிரியும் ஒருநாள் வந்துவிடுகிறான்.

பயணம் என்னவோ இருவருக்கென்றுதான் திட்டம். ஆனால் அத்தையை வீட்டில் தனியாக விடக்கூடாது, பையனை அத்தையோடு தனியாக விடவே கூடாது. ஆக நாலு பேரும் மினிவேனில். முன்சீட்டில் ரொமான்ஸ், பின்சீட்டில் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், தயிர்சாதம், ஒரு பாட்டில் மாவடு. 680இல் ஏறி, பெனிஷியா பாலம் தாண்டி, 29ஆம் நெடுஞ்சாலையில் நாபாவுக்குள் நுழைந்தால் சனிக்கிழமை ஊரே அங்கே ஊர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம். "இவ்வளவு கொடியில ஒரு குலைகூட சாப்பிடறதுக்கு இல்லையா மாப்பிள்ளை?" என்றார் அத்தை. வைன் திராட்சை தின்பதற்கு ஆகாது, கொட்டை, தோல், எல்லாம் வேறு என்று விளக்கினேன். "அப்ப எல்லாம் சாராயத்துக்கா?" என்று கேட்டுவிட்டு, செயிண்ட் ஹெலினா வரை ராம நாமம் சொல்லிக்கொண்டு வந்தார்.

கோட்டைக்குள் சாப்பாட்டுக் கூடையோடு போவதற்கில்லை என்பதால், முன்னாலேயே பாத்தி-நாபா ஸ்டேட் பார்க்கில் ரெட்வுட் மரத்தடியில் இலை போடாத குறையாகச் சாப்பிட்டு முடித்தோம். கல்யாண நாள் விருந்தில் என் மனைவி எதிர்பார்த்த மெழுகுவர்த்தி இல்லை. ஆனால் மாவடு இருந்தது. அவள் இரண்டாவது மாவடுவை எடுத்தபோது சமாதானம் ஆகிவிட்டாள் என்று குறித்துக்கொண்டேன்.

குன்றின் மேல் கோட்டையைப் பார்த்ததும் அத்தை அசந்துபோனார். "எந்த ராஜா கட்டினது?"

"ராஜா இல்லைங்க அத்தை. வைன் வியாபாரி. 2007ல திறந்தாங்க."

"நம்ம உறையூர் வீடு தொண்ணூத்தெட்டுல கட்டினது. அப்ப நம்ம வீடுதான் பழசு" என்றார் அத்தை. அதற்குப் பிறகு அவர் எதைப் பார்த்தும் அசரவில்லை. தூக்குப்பாலத்துச் சங்கிலி, பெரிய மண்டபத்துச் சுவரோவியம், எல்லாவற்றையும் ஒரு மூத்த கட்டட உரிமையாளரின் பரிவோடு பார்த்துக்கொண்டு வந்தார். முற்றத்துக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "சகடை இல்லையே" என்று ஒரு குறிப்பு.

கீழே இறங்கினால் பீப்பாய் நிலவறைகள். அதற்கும் உள்ளே ஒரு சித்திரவதைக் கூடம். உள்பக்கம் ஆணிகள் வைத்த, ஆள் உயர இரும்புக் கூண்டு ஒன்று இத்தாலியிலிருந்து வாங்கிவந்து வைத்திருக்கிறார்கள். தேனிலவுக்கு வந்த இளம் ஜோடிகள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷம் ஆனவர்கள் சும்மா பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். என் மனைவி மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்று அதன் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று கவனித்தாள்.

பிறகு டேஸ்டிங். கார் ஓட்டுகிறவன் நான், குடிக்காதவர் அத்தை, பையனுக்கு வயது போதாது. கவுண்டரில் இருந்த இளைஞன் எங்களைப் பார்த்து, எண்ணிப் பார்த்து, மூன்று கோப்பையில் திராட்சைச் சாறும் ஒரு கோப்பையில் வைனும் ஊற்றினான். நான் கோப்பையைச் சுழற்றி, மோந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சாறுதான் என்றாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. "இதில் ஓக் வாடை தெரியுது" என்றேன். "பீப்பாயிலயே போடாத ஜூஸ்ப்பா அது" என்றான் மகன். மனைவி நிஜமான கோப்பையைப் பிடித்துக்கொண்டு சான்ஜொவேசே என்ற டஸ்கனித் திராட்சையைப் பற்றி அந்த இளைஞனோடு விரிவாகப் பேசிக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஊற்றில் அவளுக்கு என்னைப் பிடித்துவிட்டது. நாலாவதில் அவள் அம்மாவையே பிடித்துவிட்டது.

வெளியே வந்ததும் கோட்டை மதிலின் கீழே, திராட்சைக் கொடி பின்னால் தெரிய, படம் எடுக்கச் சொன்னாள். அத்தைதான் எடுத்தார். முதல் ஐந்து படத்தில் என் தலை இல்லை. அடுத்தவற்றில் அத்தையின் விரல் இருந்தது. கடைசியில் ஒன்று வாய்த்தது. கல் மதில், சைப்ரஸ் மரம், மதிய வெயில். அவள் தொப்பியில், நான் கசங்கிய லினன் சட்டையில். எலுமிச்சை சாதத்தின் மஞ்சள் கறை அவள் தோளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அத்தை வெயில் கூசுகிறது என்று சத்தம் போட்டதால் இருவரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

சந்தேகமே இல்லை, டஸ்கனிதான். சட்டூயி ஒட்டவைத்த கோட்டைக்கும் அவேனா ஒட்டவைத்த பால்கனிக்கும் அறுபது எழுபது வருஷம்தான் வித்தியாசம். சட்டூயியாவது கிணறு வெட்டி, அகழி வெட்டி, முழுசாகக் கட்டினார். ஆகவே அவள் அந்தப் படத்தை எங்கள் காலேஜ் வாட்ஸாப் குழுவில் போட்டு, 'இருபதாம் ஆண்டு, காஸ்தெல்லோவில்' என்று மட்டும் எழுதியதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஊர் பெயரைப் போட இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

இதயங்கள் குவிந்தன. நீலப் பாஸ்போர்ட்டின் நல்ல பக்கத்தில் இருப்பவர்கள், சியனாவா, லூக்காவா, எந்த அக்ரிதூரிஸ்மோ பண்ணை விடுதியில் தங்கினீர்கள் என்று கேட்டார்கள். மனைவி பூடகமாகச் சிரிக்கும் முகங்களை அனுப்பிக்கொண்டிருந்தாள். அரை மணி நேரத்தில் என் போன் அடிக்கத் தொடங்கியது. டல்லாஸிலிருந்து ஒருவன், எடிசனிலிருந்து ஒருவன், சன்னிவேலிலிருந்து இருவர். எல்லோரும் எங்கள் வரிசையில் எங்களுக்கு முன்னும் பின்னும் நிற்பவர்கள். யாரும் வாழ்த்து சொல்லவில்லை.

"டேய், ஸ்டாம்பிங் எங்கடா முடிச்ச? ரோம்ல குடுக்கறானா? எந்த லாயர்? நம்பர் அனுப்பு."

பெனிஷியா பாலம் தாண்டுவதற்குள் இன்னும் மூன்று பேர். "சொல்லிடட்டுமா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"நாளைக்குச் சொல்லலாம்" என்றாள். "இன்னிக்கு ஒரு நாள் நாம இத்தாலியிலேயே இருப்போம்."

பின்சீட்டிலிருந்து அத்தை, "அங்க தோசை மாவு கிடைக்குமா, இல்ல போற வழியில வாங்கணுமா?" என்றார். நான் எங்கள் பக்கத்து ஊர் நியூவார்க்கில் இந்தியக் கடை இருக்கும் எக்ஸிட்டுக்கு லேன் மாற்றினேன்.